அங்கன இருக்கிறவருக்கு ஒரு நோட்டீஸ்

நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்கள் என்று நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்த என் அத்தானுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் பிந்தித்தான் பிடித்தது. பிடித்தது விடவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம். நீங்கள் இருந்திருந்தால் முதல் பஸ்ஸுக்கே தென்காசியில் போய் நின்றிருப்பீர்கள். தோளில் கிடக்கிற துண்டை ஜன்னல் வழியாகச் சீட்டில் வீசி, "ஏலே மாப்ளே, உனக்கும் சேத்துப் போட்டுட்டேன், மெதுவா வா" என்று மேலகரம் வரை கேட்கிற மாதிரி கத்தியிருப்பீர்கள். ஊருக்கெல்லாம் மைக்செட் கட்டின மனுஷனுக்கு மைக்கே தேவைப்பட்டதில்லை.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாசம். ஆவணியில் பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். உங்கள் வடிவு, என் அக்கா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நேரத்துக்குச் சண்டை போடுகிறாள். அவளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இனி வருவது நல்ல சேதி இல்லை, அத்தான். உங்களைப் புதைத்த இடம் 'பயன்பாட்டில் இல்லை' என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். போன ஐப்பசியில்தான், அந்த அடைமழையில், முழங்கால் சேற்றில் நாங்கள் உங்களைச் சுமந்துகொண்டு போனோம். "என்னை எரிச்சிராதீங்கலே, எனக்குச் சூடு ஆகாது" என்று நீங்கள் சொல்லிவைத்திருந்தபடி புதைத்து, தலைமாட்டில் ஒரு கல்லும் நட்டோம். வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் நீங்கள் பயன்பாட்டில் இல்லை.

எப்படி இது நடந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சுடுகாட்டைச் சுற்றி மூன்று பக்கமும் இருந்த வயலை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. வயலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டு, மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஆர்ச்சும் கட்டிவிட்டார்கள். 'அருவிச்சாரல் ஹெவன் சிட்டி'. ஹெவன் என்றால் சொர்க்கமாம். நீங்கள் சொர்க்கத்துக்குப் போனீர்களோ இல்லையோ, சொர்க்கம் உங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் சீசனுக்கு வந்து தங்கிப் போக வீடுகளாம். நீச்சல்குளம் வேறு கட்டுவார்களாம். அருவியை வைத்துக்கொண்டு எவனாவது நீச்சல்குளம் கட்டுவானா?

வீட்டுக்கு ஒரு பச்சைக் குடை கொடுத்தார்கள், மேலே ஹெவன் சிட்டி என்று எழுதி. சாரல் நேரம் பாருங்கள், ஊரே அந்தக் குடைக்குள் போய்விட்டது. பால் வாங்கப் போகிறவன், கோவிலுக்குப் போகிறவள், எல்லோர் தலைக்கு மேலும் சொர்க்கம். அக்காவுக்கும் ஒன்று வந்தது. அவள் அதை விரித்துக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்துக் கட்டிவிட்டாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அவர்களுக்கு இடையூறாக இருந்தது நீங்கள் மட்டும்தான். சுடுகாட்டை ஒட்டிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வீடு கட்ட அனுமதி கிடையாது. புரோக்கர் கணபதி என்னிடமே வந்து, டீக்கடையில் வைத்து, வருத்தமாகச் சொன்னான்.

"ஏட்டையா, அந்த எடத்தால மூணு தெரு அடிபடுது. மலையைப் பாத்த தெரு. விடிஞ்சு கதவைத் தொறந்தா அருவி தெரியும். இப்பிடி வீணாப் போவுதேன்னு வயிறு எரியுது."

"எங்க அத்தான் கெடக்க எடம்லே அது."

"அத்தானுக்கு எதுக்கு வியூ?" என்றான், அத்தான். சிரித்துக்கொண்டே கேட்டான். டீ கிளாஸை அவன் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவனே வழியையும் சொன்னான். சுடுகாடு பயன்பாட்டில் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த விதி பொருந்தாதாம். மூன்று தெருவும் கிடைத்துவிடும். அப்புறம் பிளானை விரித்துக் காட்டினான். உங்கள் இடம் முழுக்கப் பச்சை அடித்து, 'நடைப்பயிற்சித் தடம்' என்று எழுதியிருந்தது. காலையில் வாக்கிங் போகிறவர்கள் உங்கள் மேலேயே நடந்து சர்க்கரையைக் குறைத்துக்கொள்வார்கள்.

அப்போதும் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஊர் விட்டுவிடுமா என்ன, ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று இருந்தேன். அந்த ஒரு வார்த்தையில்தான், அத்தான், நாம் எல்லோரும் கவிழ்ந்தோம்.

நம் தெருவில் சுடுகாடு என்று யாரும் வாயால் சொல்வதில்லை. 'அங்கன' என்போம். "அங்கன குழி வெட்ட ஆள் சொல்லியாச்சா?" "அங்கன கொண்டு போயாச்சா?" மேற்கே மோவாயைக் கொஞ்சம் நீட்டி, குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கிவிடும். நான் ஸ்டேஷன் பழக்கத்தில் சுடுகாடு என்று சொன்னால் நீங்களே, "வாயைக் கழுவுலே, விளக்கு வைக்க நேரத்துல" என்று வைவீர்கள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, அதுவும் ஆடி வெள்ளி. கேசரி, வடை, காபி எல்லாம் உண்டு. வருஷம் திரும்பாததால் அக்கா மண்டபத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மைக் யாருடையது தெரியுமா? உங்களுடையதுதான். வாங்கினவன் பெட்டியில் எழுதியிருக்கிற 'மாடசாமி சவுண்ட் சர்வீஸ்' என்பதை இன்னும் அழிக்கவில்லை. கம்பெனி மேனேஜர் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொர்க்கத்தின் பெருமைகளைச் சொன்னான். நடுநடுவே மைக் கீச்சென்று கத்தியது. உங்களுக்குப் பிடிக்காத ஆள் பேசினால் அது எப்போதும் அப்படித்தான் கத்தும்.

கடைசியில் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி எழுந்தார். மரியாதையான மனிதர்தான். கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"எதிர்காலத்தில் இந்த மயானத்தைப் பயன்படுத்த உத்தேசித்திருப்பவர்கள் கையைத் தூக்கவும்."

கேட்டீர்களா, அத்தான்? ஆடி வெள்ளியில், கல்யாண மண்டபத்தில், வாயில் கேசரியோடு உட்கார்ந்திருக்கிற சனத்தைப் பார்த்து, யார் யார் சாகப்போகிறீர்கள், கை தூக்குங்கள் என்று கேட்டால் எவன் தூக்குவான்? பொம்பளைகள் "ஆத்தாடி" என்று தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மேலத்தெருப் பெரியவர், எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும், அவர்கூட மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருக்கும் உத்தேசம் இல்லையாம்.

"கேள்வி கேக்கான் பாரு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். அவ்வளவுதான் ஊரின் ஆட்சேபணை.

நான் கையைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். பாதி போகும்போதே பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி செல்லம் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பை கிழிந்து தொங்கியது.

"கையைக் கீழ போடுங்க! வீட்டுல மக நிறைமாசமா இருக்கா. நல்ல வார்த்தையே வாயில வராதா உங்களுக்கு?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் என்னால் தூக்க முடியவில்லை. ஆனால் சும்மா உட்காரவும் முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்: "சார், அங்கன ஆள் இருக்கு! எங்க அத்தான் அங்கனதான் இருக்காரு!"

"எங்கே?" என்றார் அதிகாரி.

"அங்கன சார், அங்கன" என்று மேற்கே காட்டினேன்.

"பேரு?"

"மாடசாமி."

"எவ்வளவு நாளா இருக்கார்?"

"போன ஐப்பசியிலேருந்து."

"பட்டா வச்சிருக்காரா?"

"அங்கன யாருக்கு சார் பட்டா?"

அதிகாரி தலையை ஆட்டினார். "சரி, நோட் பண்ணிக்கிறோம்" என்றார். எனக்குப் பெரிய திருப்தி. ஊரில் ஒருத்தனாவது சொன்னோமே என்று கிழிந்த பையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எத்தனை பிணத்துக்குக் காவல் நின்றவன் நான்! சுடுகாடு என்ற சொல்லும் செத்துப்போனார் என்ற சொல்லும் அந்த நேரத்தில் எனக்கே வாயில் வரவில்லை, பாருங்கள். பக்கத்தில் செல்லம் இருந்தாள். சொல்லுகிறது உங்களைப் பற்றி. எப்படி வரும்?

அதற்கு அடுத்த வாரம் கம்பெனிக்காரன் ஊருக்கு ஒரு அமரர் ஊர்தியை இனாமாகக் கொடுத்தான். இனி யார் போனாலும் டவுனில் இருக்கிற எரிவாயுத் தகன மேடைக்கு அதிலேயே போகலாமாம், ஆர்ச் வழியாகப் பாடை போனால் குடியிருக்க வருகிறவர்கள் மனசு சங்கடப்படுமாம். வண்டியின் இரண்டு பக்கமும் என்ன எழுதியிருந்தது தெரியுமா? அருவிச்சாரல் ஹெவன் சிட்டி. செத்தவனையும் விளம்பரத்துக்கு ஊர்வலம் விடுகிறான்கள், சீ! கொடியசைத்துத் தொடங்கிவைக்க நம் ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு நின்றார்கள். அங்கே மட்டும் யாருக்கும் தாலி ஞாபகம் வரவில்லை. அந்த வண்டியோடு நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தவர்களுக்கு, கூட்டத்தில் கை தூக்கத்தான் பயம்.

எனக்கு யார் மேல் அதிக அருவருப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கம்பெனிக்காரன் லாபத்துக்கு வந்தவன், அவன் புத்தி அப்படி. அதிகாரி எழுதிக்கொடுத்ததை வாசித்தார். நம் சனம்? உங்களுக்குக் கேதம் கேட்க வந்து, "இப்பிடி ஒரு மனுசன் உண்டுமா" என்று அழுத அதே சனம், உங்கள் தலைமாட்டைப் பிளாட் போட்டபோது வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கேத வீட்டுக்கு மைக் கட்டி ஒரு நாளாவது வாடகை வாங்கியிருக்கிறீர்களா நீங்கள்?

போன வாரம் கிராம உதவியாளர் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தான். "ஏட்டையா, தப்பா நினைக்கக் கூடாது. மேல இருந்து உத்தரவு. மாடசாமி அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வந்துச்சு. ஆள் இல்லைன்னா இருக்க எடத்துல ஒட்டிட்டு வரணும்னு சொன்னாவ. ஒட்டிட்டேன்."

"எங்கன ஒட்டின?"

"கதவுல ஒட்டணும். அங்கன ஏது கதவு? கல்லுலதான் ஒட்டினேன்."

திரு. மாடசாமி என்பவர், மேற்படி இடத்தில் போன ஐப்பசி முதல் பட்டா இல்லாமல் குடியிருந்து வருவதாகக் கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டதால், அவர் தாமாகவே காலி செய்ய வேண்டும், தவறினால் அப்புறப்படுத்தப்படுவார் என்று அவன் காட்டிய நகலில் எழுதியிருந்தது. நான் 'அங்கன இருக்காரு' என்று சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒரே கூட்டத்தில் சுடுகாடு பயன்பாட்டில் இல்லாமல் போனது, நீங்கள் ஆக்கிரமிப்பாளர் ஆனீர்கள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். அவள் அழவில்லை. கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் தட்டிவிட்டு, "ஏலே, என்னை அங்கன கூட்டிட்டுப் போ" என்றாள்.

நம் பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் உங்களைத் தூக்கியபோது தெருமுனையோடு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். புருஷன் எங்கே கிடக்கிறான் என்று அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. நான் தயங்கினேன். "நீ வராட்டா நான் கேட்டுக் கேட்டுப் போயிருவேன்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். ஆர்ச்சில் நின்ற வாட்ச்மேன், "பிளாட் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டான். "ஆமா, எங்களது ஏற்கெனவே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

கல்லில் நோட்டீஸ் சாரலில் ஊறிப் போயிருந்தது. கிழியாமல் ஓரம் ஓரமாக உரித்து மடித்து எடுத்தாள். மிச்சமிருந்த பசையை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே நின்று சுற்றிலும் பார்த்தாள். "வலப்பக்கம் யாருலே?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "இடப்பக்கம்?" அங்கேயும் யாரும் இல்லை என்றேன். "சரி" என்றாள். எனக்குத்தான், அத்தான், அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழக்கூடாது என்று மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணபதி சொன்னது உண்மைதான், அங்கே நின்றால் அருவி தெரிகிறது.

திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். தென்காசிக்குப் போய் வரிசையில் நின்றோம். பெரிய அதிகாரி அந்த ஈரத்தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாடசாமி நீங்களாம்மா? அவர் ஏன் வரலை?" என்றார்.

"அவுகளால வர முடியாது ஐயா. செத்துப் போயிட்டாவ. நீங்க காலி பண்ணச் சொல்லுத எடத்துலதான் புதைச்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டார். வேறு ஒரு தாளைப் புரட்டினார். "கூட்டத்துல யாருமே அந்த மயானத்தைப் பயன்படுத்தப் போறதாச் சொல்லலைன்னு இருக்கேம்மா."

அக்கா கையைத் தூக்கினாள். வளையல் இல்லாத கை. பள்ளிக்கூடத்தில் வருகை சொல்கிற பிள்ளை மாதிரி நேராகத் தூக்கினாள்.

"நான் பயன்படுத்துவேன். அவுகளுக்கு வலப்பக்கம் எடம் கெடக்கு. பாத்துட்டுத்தான் வாரேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்று அவர் பதறிவிட்டார். படித்தவர், பெரிய பதவியில் இருக்கிறவர், அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. "நீங்க நூறு வருஷம் நல்லா இருப்பீங்க."

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும். இருந்துட்டுப் போறேன். நூத்தியோராவது வருசம் என்னை எங்கன கொண்டு போவாவ? அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க ஐயா."

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்புறம் நோட்டீஸை நிறுத்திவைத்து, இந்த வாரத்துக்குள்ளேயே நேரில் வந்து விசாரிக்கச் சொல்லி எழுதினார். எல்லோரையும் வைத்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்பார்களாம். இந்தத் தடவை மண்டபத்தில் இல்லை, அங்கேயே வைத்து.

ஆகவே நாளை காலை உங்கள் தலைமாட்டில் கூட்டம். கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கை எழும்பும் என்று தெரியவில்லை. வடிவு சாவைக் கூவி அழைக்கிறாள், ஊருக்கு ஆகாது என்று கணபதி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதையும் தலையாட்டிக் கேட்கிறார்கள். குடை வாங்கின விசுவாசம். பெரியவர் மட்டும் என்னைக் கூப்பிட்டனுப்பி, "ரெண்டு பேரு பிடிச்சா வாரேம்லே, கையையும் சேத்துப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

இன்று காலையில் செல்லம் அந்தக் கிழிந்த சட்டையோடு வந்தாள். பையை வைத்துத் தைத்து, தோள்பட்டையில் இன்னொரு தையலும் போட்டிருந்தாள். "நாளைக்கு இதைப் போட்டுட்டுப் போங்க. கை தூக்குனா கிழியாது" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அத்தான், நாளை ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் நான் தூக்குவேன். 'அங்கன' என்று சொல்ல மாட்டேன். சுடுகாடு என்று, நான் செத்தால் என்னை இங்கேதான் கொண்டுவர வேண்டும் என்று, உங்கள் மைக்கையும் மிஞ்சுகிற மாதிரி சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம். வலப்பக்கம் அக்காவுக்கு. இடப்பக்கத்தில் எனக்கு ஒரு துண்டைப் போட்டு வையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக வருகிறேன். அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

பக்கத்து இடத்துக்காரன்,
உங்கள் மச்சினன்